கன்னிமார் திட்டில் ஒரு வேதக்காரர்

சனிக்கிழமை காலை குழந்தைராஜ் தன் ஜேசிபியின் கை மூட்டுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தபோது இளையபெருமாள் வந்து நின்றார். வந்தவர் வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், டயரைக் காலால் எத்திப் பார்த்தார், இந்த வருஷமாவது மேட்டூரில் தேதி தவறாமல் திறப்பார்களா என்று விசாரித்தார். அயர்லாந்திலிருந்து மகள் எல்சி பேசினாளா என்றும் கேட்டார். குழந்தைராஜுக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் ஒருவர் இவ்வளவு சுற்றி வளைத்தால் அது சாமி சம்பந்தப்பட்ட வேலையாகத்தான் இருக்கும்.

கோயில் அரசமரத்துக் கிளை கரண்டுக் கம்பியில் உரசினால், மனைக்குள் ஒரு காட்டேரிக் கல் கிடந்தால், யாரோ விழுந்து செத்த கிணற்றைத் தூர்க்க வேண்டியிருந்தால், ஊர்க்காரர்கள் குழந்தைராஜைத்தான் தேடுவார்கள். வேலை சுத்தமாக இருக்கும் என்பதற்காக இல்லை. அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். நம் சாமி நம் ஆளைத்தான் பிடிக்கும், அந்நிய ஆளை அது சட்டை செய்யாது என்பது ஊரின் ஏற்பாடு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இங்கே பிள்ளையாருக்கு ஆண்டி மாதா கோயிலிலிருந்து வரவேண்டியிருந்தது. குழந்தைராஜே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு மவுசு யாருக்குக் கிடைக்கும்?

“நம்ம கன்னிமார் திட்டுதான் ராஜு,” என்றார் இளையபெருமாள் கடைசியில். “அறுப்பு மிஷினு அதச் சுத்தித் திரும்ப முடியாம பாதி நெல்ல மிதிச்சிட்டுப் போவுது. எடுத்துட்டு ஒரே மட்டமா அடிச்சிடலாம்னு பாக்குறேன். நேத்து பூசாரிய அழச்சி, பொங்க வச்சி, ஏழு பேரையும் போர்செட்டுப் பக்கம் எடம் மாத்தியாச்சு. இருந்தாலும் எங்காளு எவனும் கைய வைக்க மாட்டேங்குறான். ஒனக்கென்ன, நீங்க வேதக்காரவுங்க. அவளுவ ஒன்ன ஒண்ணும் செய்ய மாட்டாளுவ.”

குழந்தைராஜின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

வயலுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு. மேலே ஒரு நுணா மரம், சுற்றிலும் நொச்சிப் புதர், மரத்தடியில் மஞ்சள் பூசிய ஏழு செங்கல். அதுதான் கன்னிமார் திட்டு. உச்சி வெயிலில் அந்தப் பக்கம் நடக்கக் கூடாது, அது அவர்கள் விளையாடும் நேரம். நொச்சி ஒடிப்பதென்றாலும் ‘தலைவலிக்கு, தாயே’ என்று காரணம் சொல்லிவிட்டுத்தான் ஒடிக்க வேண்டும். பேரைச் சொல்லிக் கூப்பிடுவதும் ஆகாது. ‘ஏழு பேர்’ என்றால் எல்லோருக்கும் புரியும். கேட்பாரற்ற பிள்ளையைக் கண்டால் அழைத்துப்போய் வைத்துக்கொள்வார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. இப்போது ஏழு பேருக்கும் பொங்கல் வைத்து நோட்டீஸ் கொடுத்தாயிற்று. மண்ணுக்குள் இருப்பவர்களை யாரும் கேட்கவில்லை.

“திங்கக்கெழம வர்றேண்ணே,” என்று சொல்லிவிட்டார்.

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அவரிடம் காரணம் இருந்தது, ஆனால் வெளியே சொல்லக்கூடிய காரணமாக இல்லை. தான் போகாவிட்டால் வெளியூர் வண்டி வரும், வருகிறவன் கண்மண் தெரியாமல் வாரிக்கொண்டு போவான், தானென்றால் பார்த்து எடுக்கலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். பார்த்து எதை எடுப்பது என்பதை மட்டும் நினைக்காமல் இருந்துகொண்டார்.

அந்தத் திட்டில் அவருடைய முதல் பிள்ளை இருந்தது. அவர் மனைவி அமலிக்கு அது தெரியாது.

தொண்ணூற்று மூன்று ஐப்பசி. அரசலாறு உடைத்துக்கொண்டு ரோடு இரண்டு இடத்தில் அறுந்து, கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ் வந்து நான்கு நாளாகியிருந்தது. அமலிக்கு ஏழாம் மாசத்திலேயே வலி வந்துவிட்டது. மருத்துவச்சி வந்து பார்த்தாள். ஆண் பிள்ளை, உள்ளங்கை அகலம்தான். அமலி ரத்தம் போய் நினைவில்லாமல் கிடந்தாள். பிள்ளை கால்மணி நேரம் மூச்சு விட்டது. “ஒங்க வழக்கப்படி தண்ணி கிண்ணி ஊத்தணும்னா ஊத்திடு தம்பி,” என்று மருத்துவச்சி ஒரு டம்ளரை நீட்டினாள். குழந்தைராஜ் வாங்கினார். ஞானஸ்நானத்தைச் சாமியார் அல்லவா கொடுக்க வேண்டும், தான் ஊற்றலாமா, என்ன செபம் சொல்வது, தப்பாகச் சொன்னால் பாவமாகிவிடுமா என்று டம்ளரும் கையுமாக நின்றார். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே மூச்சு அடங்கிவிட்டது. டம்ளரில் தண்ணீர் குறையவே இல்லை.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்க விடமாட்டார்கள் என்று யாரோ எப்போதோ சொல்லிக் கேட்டது அவர் மனசில் இருந்தது. சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் கேட்டிருக்கலாம், அவர் வீடு போகிற வழியில்தான் இருந்தது. ஆனால் ‘தண்ணி ஊத்துனியா?’ என்று முதல் கேள்வி வரும். அதற்குப் பயந்து உபதேசியார் தெருவுக்கு முன்னாலேயே வரப்பில் இறங்கிவிட்டார். ஊரே வெள்ளக்காடு, திட்டு மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது என்று இத்தனை வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிவருகிறார். அது பச்சைப் பொய். கல்லறைத் தோட்டமும் மேட்டில்தான் இருக்கிறது. நுணா மரத்திலிருந்து கிழக்கே பன்னிரண்டு எட்டு வைத்து, மண்வெட்டியால் தோண்டி, அமலியின் நீலச் சேலைக் கிழிசலில் சுற்றியதை உள்ளே வைத்து மூடினார். மழை முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. ஏழு கல்லையும் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வேதக்காரன் அவர்களிடம் என்ன சொல்வான்? “பாத்துக்குங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

நான்கு நாள் கழித்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அமலி கண் விழித்தாள்.

“தண்ணி ஊத்தினீங்களா?”

“ஊத்தினேன்.”

“என்ன பேரு வச்சீங்க?”

வாயில் வந்தது சூசை.

“எங்க வச்சீங்க?”

“தோட்டத்துலதான். வடக்கு மூலைல.”

மூன்று பொய்யும் ஒரு மூச்சில் முடிந்துவிட்டன. அவளைப் பிழைக்க வைக்கத்தான் சொன்னார், அது மட்டும் நிஜம். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அமலி அந்த வெறும் மூலையைக் கொத்திச் செதுக்கி, சாமந்தி போட்டு, மெழுகுதிரி ஏற்றுகிறாள். பூசையில் சூசை பேரைச் சொல்லி வாசிக்கச் சொல்கிறாள். பக்கத்தில் கைகட்டி நின்று குழந்தைராஜும் ஆமென் சொல்கிறார். எல்சி பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகு ஒருநாள், ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், ஊற்ற முடியாமல் போன பிள்ளையையும் தோட்டத்தில் தாராளமாக வைக்கலாம் என்று புதுச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். குழந்தைராஜ் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவராகப் போட்டுக்கொண்ட வேலி அது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சாப்பிட்டு உட்கார்ந்தபோது எல்சி வீடியோவில் வந்தாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவள் நர்ஸ். அவளுக்கு அப்போதுதான் விடிந்து காபி டம்ளரோடு இருந்தாள்.

“அப்பா, ஒரு கத சொல்லவா? எங்க ஹோம்ல மார்ட்டின்னு ஒரு தாத்தா இருக்காருல்ல, தொண்ணூறு வயசு, மாடு வளத்தவரு. அவரு நெலத்துல வட்டமா ஒரு மண்ணு மேடு இருக்காம். ரொம்பப் பழசு. அதுல அவங்க இருக்காங்களாம்.”

“அவங்கன்னா யாருடி?” என்றாள் அமலி.

“பேரு சொல்லக் கூடாதும்மா. நல்லவங்கன்னுதான் சொல்லணுமாம். கண்ணுக்குத் தெரியாத ஆளுங்க. பாட்டு, ஆட்டமெல்லாம் உண்டாம். மேட்டு மேல ஒரு முள்ளு மரம், அதுல ஒரு குச்சிய ஒடிக்க மாட்டாங்க. ரோடு போடுறவன்கூட வளைச்சிக்கிட்டுத்தான் போவானாம். நம்ம இளையபெருமாள் பெரியப்பா வயல்ல இருக்கே, அதே மாரி. எனக்குச் சிரிப்பு தாங்கல. இவ்ளோ தூரம் பிளேன்ல வந்தா இங்கயும் கன்னிமாரு.”

அமலி சிரித்தாள். குழந்தைராஜ் செல்போனுக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்தார்.

“அந்த மேட்ட யாராச்சும் எடுத்துட்டா?”

“எடுத்தவன் குடும்பம் வெளங்காதுன்னு நூறு கத வச்சிருக்காரு. ஆனா அவரு மனசு அதுல இல்லப்பா.” எல்சியின் குரல் இறங்கியது. “ஞானஸ்நானம் ஆவாம செத்த புள்ளைங்கள அந்தக் காலத்துல அங்கதான் பொதைப்பாங்களாம். கல்லறைல விட மாட்டாங்கன்னு. அப்பாங்கதான் தூக்கிட்டுப் போவாங்களாம், யாருக்கும் தெரியாம. இவரு தம்பி ஒண்ணு அங்க இருக்கு. அவங்கம்மா கேக்கவே இல்லியாம், அவங்கப்பா சொல்லவே இல்லியாம். ஒரே வீட்டுல அம்பது வருசம். போன வாரம் லீவுல நான் கார்ல அழச்சிட்டுப் போனேன். கேட் பக்கத்துல நிறுத்துனா எறங்கவே மாட்டேன்னுட்டாரு.”

“பாவமே,” என்று அமலி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அந்த மட்டுக்கும் நம்ம சூசை குடுத்து வச்சவன். மந்திரிச்ச மண்ணுல இருக்கான். பேரச் சொல்லிப் பூச வைக்கிறோம்.”

அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் திரையில் மகள் முகம், பக்கத்தில் மனைவி முகம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் பந்தி நடுவில் அதை எப்படித் தோண்டி எடுத்துக் காட்டுவான்? எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போய், கழுவின கையையே திரும்பக் கழுவினார். எங்கோ கடல் தாண்டி இருக்கிற ஒரு கிழவரின் அப்பாவை, முகம்கூடத் தெரியாத அந்த ஆளை, அவருக்குக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. உடனே அந்த நினைப்பே வெட்கமாகவும் இருந்தது. அழுவதற்கும் உரிமை வேண்டாமா?

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வண்டியை வயலில் இறக்கினார். கோடை உழவு முடிந்து வயல் முழுக்கக் கட்டி கட்டியாகக் காய்ந்து கிடந்தது. இளையபெருமாள் வரப்போடு நின்றுகொண்டார், இந்தப் பக்கம் வரவில்லை. திட்டின் மேல் ராமாயி அரிவாளோடு நொச்சி கழித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து வயல்களிலெல்லாம் நாற்று நட்டே முதுகு வளைந்தவள், எழுபது வயதிருக்கும். ஏழு பேருக்குப் பயப்படாத இரண்டாவது ஆள் ஊரில் அவள்தான்.

குழந்தைராஜ் மேற்கு ஓரத்தில் ஆரம்பித்தார். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று தெரியும். இரண்டு பக்கெட் மண் எடுத்து ஓரமாகக் கொட்டினார். ராமாயி கையை ஆட்டிக்கொண்டு இறங்கி வந்து, இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

“வடக்கால கைய வைக்கும்போது சொல்லு ராசு. என்னோடது ரெண்டு இருக்கு. ஒரு கும்புடு போட்டுக்கிறேன்.”

அவர் இன்ஜினை அணைத்தார்.

“ஒன்னோடது கெழக்காலதான?” என்றாள் அவள், சாதாரணமாக.

“யாரு சொன்னாக்கா?”

“யாரு சொல்லணும்? அன்னைக்கு மழையில வாய்க்கா மதவுல நண்டு புடிச்சிக்கிட்டு நின்னேன். சாக்குக்குள்ள எதையோ அணச்சிக்கிட்டு நீ வந்த, வெறும் மம்பட்டியோட திரும்பிப் போன. அமலிய நெனச்சி அழுதேன்.”

“யார்கிட்டயும் சொல்லலியா?”

“புள்ளையக் குடுத்துட்டுப் போறவன ஊரெல்லாம் சொல்லிக்கிட்டா திரிவாங்க? அமலிக்கு நீ சொல்லியிருப்பன்னு நெனச்சேன்.”

அவர் வண்டியை விட்டு இறங்கினார். நுணா மரத்தடிக்குப் போய், முதுகை மரத்தில் வைத்து, கிழக்கே எட்டு வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. முப்பத்தோரு வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் எட்டு வைத்துப் பார்த்ததே இல்லை. ஆறாவது எட்டில் திட்டு முடிந்துவிட்டது. கீழே வயல். தப்பாக நடந்துவிட்டோம் என்று திரும்ப மரத்துக்கு வந்து, இன்னும் குட்டை குட்டையாக வைத்து நடந்தார். ஏழாவதில் முடிந்தது. மீதி ஐந்து எட்டும் உழுத மண்ணில்தான் விழ வேண்டும்.

திட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வயல் தின்றிருந்தது. உழவுக்கு உழவு ஒரு சால், அரைச் சால். யார் உழுதது என்று கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஜேசிபி வாங்குவதற்கு முன்னால் பத்து வருஷம் இளையபெருமாளின் டிராக்டரை ஓட்டியவர் அவரேதான். திட்டின் கிழக்கு ஓரம் நெருங்கும்போதெல்லாம் பார்க்கத் தைரியமில்லாமல் முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டுதான் ஓட்டுவார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டுகிறவன் உழவு எங்கே நேராகப் போகும்? ஒவ்வொரு தடவையும் கலப்பை கொஞ்சம் உள்ளே கடித்திருக்கிறது. ஏழு பேரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவர்கள் மடியிலிருந்து தானே உருவி, தானே உழுது, தானே சமன் செய்திருக்கிறார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்ததோடு நிற்கவில்லை அது.

அப்படியே உழுத மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மண்கட்டியை எடுத்துக் கையால் உடைத்தார், இன்னொன்றை எடுத்து உடைத்தார்.

அதற்குள் இளையபெருமாளுக்கு வேறு அர்த்தம் கிடைத்துவிட்டது. அணைந்த வண்டியைப் பார்த்தார், மண்ணில் உட்கார்ந்து கட்டி உடைக்கும் ஆளைப் பார்த்தார். “போதும்ப்பா! வேணாம், விட்டுரு!” என்று வரப்பிலிருந்தே கும்பிட்டார். “வேதக்காரனையே அடிச்சிட்டாளுவளே! தப்பு என்னோடது தாயே, எடத்த மாத்துனது என் தப்பு.” இடுப்பிலிருந்து கற்பூரத்தை எடுத்துத் திட்டைப் பார்த்து ஏற்றினார், விழுந்து எழுந்தார், பூசாரிக்குப் போன் போட்டார். தன்னை அடித்தது யார் என்று குழந்தைராஜ் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏழு பேர் தலையில் அந்தப் பழியும் ஏறியது.

செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அரைமணி நேரத்தில் அமலி வந்தாள், வரப்பில் ஓட்டமும் நடையுமாக, கையில் வேளாங்கண்ணித் தண்ணீர் பாட்டில். வீட்டிலிருந்து செபம் சொல்லிக்கொண்டே வந்திருக்க வேண்டும், உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. வயலுக்குள் இறங்க ராமாயி விடவில்லை. குழந்தைராஜ்தான் எழுந்து தள்ளாடி வரப்புக்கு வந்தார்.

“வேணாம்னு சொல்லியிருக்கலாம்லங்க? எந்த வேலைக்கும் சரின்னுட வேண்டியதா? ஒக்காருங்க மொதல்ல.” மூடியைத் திறந்து உள்ளங்கை நிறையத் தண்ணீர் ஊற்றி, அவர் நெற்றிக்குக் கொண்டுவந்தாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு நான் தண்ணி ஊத்தல, அமலி.”

அவளுக்குப் புரியவில்லை. எந்த நாளைச் சொல்கிறார் என்று பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். டம்ளரைச் சொன்னார், உபதேசியார் தெருவைச் சொன்னார், நீலச் சேலையை, பன்னிரண்டு எட்டை, டிராக்டரை. எதையும் விடவில்லை. தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று நடுவில் ஒருதரம் தேடினார், கிடைக்கவில்லை. அவள் உள்ளங்கைத் தண்ணீர் விரல் இடுக்கில் ஒழுகி அவர் மணிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

“பேரு?” என்றாள் அமலி.

“வைக்கல.”

“அப்ப முப்பத்தோரு வருசமா நான் சூசைன்னு கூப்புட்டது யார?”

அவள் தன்னை அடிக்க வேண்டும், காறித் துப்ப வேண்டும், ஊர் கூடுகிற மாதிரி கத்த வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அமலி ஒன்றும் செய்யவில்லை. அவர் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். பாட்டிலை மூடினாள். செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி வரப்பில் விட்டாள்.

“எங்க?”

குழந்தைராஜ் கையைத் தூக்கினார். கை திட்டைக் காட்டவில்லை, வயலைக் காட்டியது. அதிலும் ஒரு இடத்தில் நிற்காமல் திட்டின் ஓரத்திலிருந்து வாய்க்கால் வரைக்கும் அலைந்தது.

அமலி சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்குவதற்காக வலது காலை வரப்பிலிருந்து எடுத்தாள். கீழே கட்டி கட்டியாக மண் கிடந்தது, எல்லாப் பக்கமும் ஒரே மண். எதன் மேல் வைப்பது என்று தெரியாமல் அந்தக் கால் அந்தரத்தில் நின்றது.